'அர்ஜ்' (urge) என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும்?

ஈசூன் தன்னார்வலர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் புளோக்கில் மின்தூக்கி அருகே ஒட்டுவதற்காக, டெங்கிக் கொசு ஒழிப்பு பற்றிய ஆங்கில அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பூந்தொட்டித் தட்டுகளிலும், துணி காயப்போடும் மூங்கில் கழிகளைச் செருகுகிற குழாய்களிலும் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுமாறு குடியிருப்பாளர்களை 'அர்ஜ்' செய்வதாக அதில் ஒரு வரி இருக்கிறது. முதலில் 'வற்புறுத்துகிறோம்' என்று எழுதினேன். அதைப் படித்த என் மாமியார், "கடன் வசூலிக்கவா போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். 'கேட்டுக்கொள்கிறோம்' என்று மாற்றினால் அவசரமே இல்லாமல் போகிறது. அகராதியைப் புரட்டினால் தூண்டு, உந்து, முடுக்கு, ஏவு, ஊக்கு என்று வரிசையாக வருகின்றன. எதை எடுப்பது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகளின் பயிற்சித்தாளில் 'ஸ்பர்' (spur), 'கோட்' (goad), 'எக் ஆன்' (egg on), 'இம்பெல்' (impel) ஆகிய நான்கையும் இதே வினையின் ஒருபொருட்சொற்களாகக் கொடுத்திருக்கிறார்கள். இவற்றை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தலாமா?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை:

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் பயிற்சித்தாள் நான்கு சொற்களையும் ஒரே கூடையில் போட்டிருப்பது சரியன்று.

'ஸ்பர்' என்பது குதிரை ஓட்டுபவரின் குதிகாலில் இருக்கும் முள்; 'கோட்' என்பது மாட்டைக் குத்தி ஓட்டும் கூர்முனைக் கழி, அதாவது நம் ஊர்த் தார்க்குச்சி. மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும், பஃபலோ சாலையும், கெர்பாவ் சாலையும் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் இன்றும் இருப்பதால், மாடுகள் நடமாடிய இடத்தில்தான் நாம் காய்கறி வாங்குகிறோம் என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டி இந்தச் சொல்லைக் கற்பிப்பது என் வழக்கம். இரண்டும் குத்தும் கருவிகளே என்றாலும் இன்றைய வழக்கில் அவை பிரிந்துவிட்டன. நல்ல முயற்சிக்கு ஒருவரை விரைவுபடுத்துவது பெரும்பாலும் 'ஸ்பர்'. ஒருவரைச் சீண்டிச் சீண்டி, அவர் செய்ய விரும்பாததைச் செய்ய வைப்பது 'கோட்'. அகராதிகள் சில 'கோட்' என்பதற்கு அங்குசம் என்று பொருள் தருவதைப் பார்த்துத் தடுமாற வேண்டாம். அங்குசம் யானையை ஓட்டவும் பயன்படும் என்றாலும், தமிழில் அது முதன்மையாக அடக்குவதற்கான உவமை. திருக்குறளின் 24ஆம் குறளில் ஐம்புலன்களைக் காப்பதும் அறிவு என்னும் தோட்டிதான். தோட்டி என்றாலும் அங்குசமே.

'எக் ஆன்' என்பதில் வருவது கோழி முட்டை அன்று. பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த அந்த வினை, கத்தியின் விளிம்பைக் குறிக்கும் 'எட்ஜ்' என்ற சொல்லுக்கு உறவானது. கூரேற்றி அனுப்புவதுதான் அதன் அடிப்படை என்பதால், 'கொம்பு சீவிவிடுதல்' என்ற நம் வழக்கு அதற்கு இவ்வளவு நெருக்கமாக அமைந்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். இரண்டு மொழிகளிலும், சண்டைக்கோ அசட்டுத் துணிச்சலுக்கோ ஒருவரை ஏற்றிவிடும்போதுதான் பெரும்பாலும் இவற்றைச் சொல்கிறோம். 'இம்பெல்' உள்ளிருந்து எழும் உந்துதலுக்குப் பொருந்தும். வெளியிலிருந்து வரும் கட்டாயம் என்றால் அதன் உடன்பிறப்பான 'கம்பெல்' (compel) வர வேண்டும். இரண்டிலும் இருப்பது தள்ளுதல், ஓட்டுதல் என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேர்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள். 'அவரிடம் வலியுறுத்தினார்' என்று தமிழில் நினைத்துக்கொண்டு எழுதும் மாணவர்கள், 'அர்ஜ்' என்ற வினைக்குப் பின் 'டு ஹிம்' என்று சேர்த்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஆள் நேரடியாகச் செயப்படுபொருளாக வருவார். 'டு' என்பது அதற்குப் பின், அவர் செய்ய வேண்டிய வினைக்கு முன்னால்தான் வரும்.

பகுதிநேர மொழிபெயர்ப்பாளர்:

ஆசிரியை அம்மா கடைசியில் சொன்னதிலேயே அறிவிப்புக்கான விடையும் இருக்கிறது. தமிழில் வற்புறுத்து என்ற வினை ஆளைப் பிடித்துக்கொள்கிறது: 'என்னை வற்புறுத்தினார்' என்கிறோம். வலியுறுத்து என்பதோ கருத்தைப் பிடித்துக்கொள்கிறது: 'தூய்மையை வலியுறுத்தினார்' என்கிறோம். முன்னதில் ஒருவருடைய கை முறுக்கப்படுகிறது, பின்னதில் ஒரு செய்தி அழுத்திச் சொல்லப்படுகிறது. உங்கள் மாமியாருக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன், அவர் காது சரியாகவே கேட்டிருக்கிறது.

அகராதியில் கண்ட மற்றவை இங்கே உதவா. தூண்டு என்பது விளக்குத் திரியை ஏற்றிவிடுவது. ஆர்வத்தைத் தூண்டலாம், கலவரத்தையும் தூண்டலாம், ஆனால் தட்டில் உள்ள தண்ணீரைக் கொட்டுமாறு அண்டை வீட்டாரைத் தூண்ட முடியாது. முடுக்கு என்பது பணிகளுக்கும் இயந்திரங்களுக்கும் உரியது. ஏவு என்று எழுதினால் குடியிருப்பாளர்கள் அனைவரும் உங்கள் ஏவலர்கள் ஆகிவிடுவார்கள்.

'அர்ஜ்' என்ற சொல்லும், நாம் அன்றாடம் சொல்லும் 'அர்ஜன்ட்' என்ற சொல்லும் நெருக்கு என்னும் பொருளுடைய ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. ஆகவே 'கேட்டுக்கொள்கிறோம்' என்பதில் அவசரம் தொலைகிறது என்று நீங்கள் உணர்ந்தது நியாயமே. 'வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினால் மரியாதையும் அழுத்தமும் சேர்ந்து நிற்கும்.

தெம்பனிஸ் வாசகர்:

மொழிபெயர்ப்பாளர் ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன், அவருடைய முடிவை ஏற்கவில்லை. 'வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறோம்' என்பது பத்திரிகைச் செய்திக்குப் பொருந்தும். மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் அரை நிமிடத்தில் அதை யாரும் படித்து முடிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு வினை இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒன்றை வைத்தே ஆக வேண்டுமா? 'தண்ணீர் தேங்க விடாதீர்கள்' என்ற ஏவல் வினையிலேயே வேண்டுகோள் அடங்கியிருக்கிறது. கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஒரு வாரம் போதும் என்ற தகவலை அடுத்த வரியில் சேர்த்துவிட்டால், அவசரத்தை அது பார்த்துக்கொள்ளும்.

பகுதிநேர மொழிபெயர்ப்பாளர்:

சுவரொட்டி என்றால் நீங்கள் சொல்வதே சரி. வீடுவீடாக அனுப்பும் கடிதம் என்றால் என் வாக்கியத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் கடிதத்தில் எழுதுபவர் யார், எந்த உரிமையில் கேட்கிறார் என்பதும் தெரிய வேண்டும்.

ஈசூன் தன்னார்வலர்:

மிக்க நன்றி. மின்தூக்கி அருகே ஒட்டும் தாளில், 'பூந்தொட்டித் தட்டிலும் மூங்கில் கழிக் குழாயிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொசு வளர ஒரு வாரம் போதும்.' என்று எழுதிவிட்டேன். கடிதத்திற்கு 'வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறோம்' என்பதை வைத்திருக்கிறேன். மாமியார் இரண்டையும் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள். மகளோ, போட்டிக்கு முன் தன்னை ஊக்குவித்த வலைப்பந்துப் பயிற்றுநரைப் பற்றிய கட்டுரையில் 'எக் ஆன்' என்று எழுதியிருந்தாளாம். இப்போது அதை அழித்துவிட்டு 'ஸ்பர்' என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.