ஆபரேஷன் தியேட்டரில் எக்கோ கைகொடுத்த நாட்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருக்கிறேன். இதயநோய் நிபுணர் இல்லை. ஆனாலும் சில வருடங்களாக அறுவை சிகிச்சைக்கு முன்னும் நடுவிலும் எக்கோ புரோபை (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடித்துக் காட்டும் மிஷினின் கைக்கருவி) நானே கையில் எடுக்கிறேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவர் ஒரு பாட்டி.

78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று மகன் சொன்னார். அன்று சனிக்கிழமை சாயங்காலம். முறையான எக்கோ எடுக்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை ஆகும். இந்த வயதில் இடுப்பு முறிவைத் தள்ளிப்போட்டால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும். அதனால் மறுநாள் காலையே முடித்துவிட ஆர்த்தோ டாக்டர் நினைத்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பதாகத் திட்டம்.

ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால், கழுத்து வரை ஏறும் கரகரப்பான சத்தம். “எப்படிப் பாட்டி வழுக்குச்சு?” என்று கேட்டேன். “வழுக்கல தாயி, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு” என்றார். மகனுக்கே அது புதுச் செய்தி.

ஐ.சி.யு. எக்கோ மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து புரோபை வைத்தேன். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலான மகாதமனி வால்வு மெல்லிய இதழ்களாகத் திறந்து மூடவேண்டிய இடத்தில், சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. ரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளரில் ரத்தம் நொடிக்கு 4.6 மீட்டர் வேகத்தில் பீறிட்டது. 4 மீட்டரைத் தொட்டாலே தீவிரமான அடைப்புதான். முதுகு ஊசி போட்டால் கால் ரத்தக்குழாய்கள் விரிந்து பிரஷர் சடாரென்று இறங்கும். நல்ல இதயம் கூடுதலாக இறைத்துச் சமாளிக்கும். சுருங்கிய வால்வுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட இதயத்தால் அது முடியாது. பிரஷர் இறங்கினால் தடித்துப்போன அதன் சுவருக்கே ரத்தம் போதாது. அந்த நிலையில் இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தி மீட்பதும் ரொம்பக் கஷ்டம்.

திட்டத்தை மாற்றினோம். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடவில்லை. மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு பிரஷரைத் துடிப்புக்குத் துடிப்பு பார்த்தபடி, தொடை நரம்புக்கு மட்டும் மரப்பு ஊசி போட்டு, முழு மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து முதலிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் பாட்டி வாக்கர் பிடித்து நடந்தார். வால்வுக்காக இதயப் பிரிவுக்கு அனுப்பினோம்.

எக்கோ பார்த்த அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

*

இதய அறுவை சிகிச்சைத் தியேட்டரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு எக்கோ உணவுக்குழாய் வழியாக. இடது மேலறைக்கு நேர் பின்னால்தான் உணவுக்குழாய் போகிறது என்பதால் நெஞ்சு திறந்திருக்கும்போதும் படம் தெளிவாகக் கிடைக்கும். (உணவு விழுங்கும்போது எங்காவது சிக்குகிறதா என்று எல்லோரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். சுருக்கம் உள்ள உணவுக்குழாயில் புரோபைத் தள்ளினால் கிழிந்துவிடலாம்.)

மைட்ரல் வால்வை (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) சரிசெய்து முடித்து, ஆபரேஷனின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் பைபாஸ் மிஷினிலிருந்து ஒருவரை இறக்கிக்கொண்டிருந்தோம். மேல் பிரஷர் 60. கை தானாக, இதயத்தைப் பலமாகச் சுருங்க வைக்கும் அட்ரினலினுக்குப் போகும், போனது. ஏற்றினேன், 55 ஆனது. அப்போதுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். இதயம் ஆவேசமாக இறுக்கிச் சுருங்குகிறது, ஒவ்வொரு சுருக்கத்திலும் வால்வின் முன்னிதழ் இழுபட்டு ரத்தம் வெளியேறும் வழியையே அடைக்கிறது. நான் கொடுத்த மருந்துதான் அந்த அடைப்பை இறுக்கிக்கொண்டிருந்தது! அட்ரினலினை நிறுத்தினோம். திரவம் கொடுத்து இதயத்தை நிரப்பினோம், எஸ்மோலால் கொடுத்துத் துடிப்பைக் குறைத்தோம், ஃபீனைல்எஃப்ரின் கொடுத்து ரத்தக்குழாய்களை இறுக்கினோம். சில நிமிடங்களில் இதழ் தன் இடத்துக்குப் போய்விட்டது, பிரஷர் 100. மானிட்டரில் 60 என்ற எண் மட்டும் தெரிந்திருந்தால் நான் அட்ரினலினை இன்னும் ஏற்றியிருப்பேன்.

*

நான் டாக்டர் இல்லை. அப்பாவுக்கு குடலிறக்க ஆபரேஷன். 62 வயது, தினமும் வயலில் இறங்கி வேலை செய்கிறவர். எக்கோ எடுத்துவந்தால்தான் ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ் சான்று தருவோம் என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி, 40 கிலோமீட்டர் போய் எடுத்து வந்தோம். ரிப்போர்ட்டில் ‘இ.எஃப். 60%’. இதயம் அறுபது சதவீதம்தான் வேலை செய்கிறதா என்று அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை. யாரும் விளக்கவும் இல்லை. இது தேவையா?

*

(பாட்டியைப் பற்றி எழுதியவள்தான்.) அண்ணா, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: 60 என்பது நல்ல எண். இதயம் நிரம்பும்போது இருக்கும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் பங்குதான் அது. யாருடைய இதயமும் நூறைத் தள்ளுவதில்லை. 55, 60, 65 எல்லாம் சரியான இதயம்தான்.

தேவையா என்றால், நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அநேகமாகத் தேவையில்லை. நிற்காமல் இரண்டு மாடி ஏறமுடிகிறது, மூச்சு வாங்கவில்லை, மயங்கி விழுந்ததில்லை, நெஞ்சில் வித்தியாசமான சத்தம் இல்லை என்றால், சிறிய ஆபரேஷனுக்கு எல்லோருக்கும் எக்கோ எடுக்கச் சொல்லும் வழிகாட்டுதல் எதுவும் இல்லை. எங்கள் துறையில் பலர் ஒரு தாளுக்காக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது. இன்னொன்று: அந்தப் பாட்டிக்கும் இ.எஃப். 60தான். அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் வால்வைத் தவறவிட்டிருப்போம்.

*

டாக்டர் மேல்படிப்பில் (பி.ஜி.) இரண்டாம் வருடம் படிக்கிறேன். சிசேரியன் முடிந்து இரண்டு மணி நேரத்தில் 24 வயதுத் தாய்க்கு மூச்சுத்திணறல். பிரஷர் குறைவு, அதனால் சலைன் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எக்கோவில் இடது மேலறை பலூன் மாதிரி வீங்கியிருந்தது, மைட்ரல் வால்வு ஹாக்கி மட்டை போல வளைந்து திறந்தது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலின் மிச்சம். கர்ப்பகாலத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்கி அங்கிருந்த ரத்தமும் உடம்புக்குத் திரும்பிவிடும், துடிப்பும் 140. குறுகிய வால்வைத் தாண்ட நேரமில்லாமல் எல்லாம் நுரையீரலில் தேங்கிவிட்டது. சலைனை நிறுத்தி, தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்ற ஃப்ரூசிமைடு கொடுத்து, துடிப்பைக் குறைத்தோம். விடிவதற்குள் ஆக்சிஜன் மாஸ்க் போதுமென்றானது.

ஆனால் அதற்கு அடுத்த வாரமே இதயத்துக்கு முன்னால் கறுப்பாகத் தெரிந்த ஒரு பட்டையைப் பார்த்து, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று பதறி சீனியரை எழுப்பினேன். அது வெறும் கொழுப்பு. நீர் என்றால் படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் பின்பக்கம்தான் முதலில் தேங்கும், முன்னால் மட்டும் தெரிந்தால் முதலில் கொழுப்பைச் சந்தேகப்படு என்று சொல்லித்தந்துவிட்டு மேடம் தூங்கப் போனார். அன்றிலிருந்து ஒரு கோணத்தில் கண்டதை இன்னொரு கோணத்திலும் பார்க்காமல் யாரையும் கூப்பிடுவதில்லை.