சண்டைய மட்டும் வெட்டிப் போடலாமா? அடுத்த ஞாயிறு ஏற்காட்டுப் படம் பத்தி

அஞ்சு ரோட்டான்:
போன ஞாயித்துக்கிழமை வராதவங்களுக்காக மொதல்ல சொல்லிடறேன். ஏற்காட்டுல நம்ம காப்பிக்களம் வீட்டுக் களத்துல வெள்ள வேட்டி கட்டி ப்ரொஜெக்டர்ல ஜாக்கி சானோட ஹாங்காங் படம் போலீஸ் ஸ்டோரி போட்டோம், 1985ல வந்தது, பதினாலு பேரு வந்தாங்க, அதுல ஆறு பேரு நடுவுலயே எந்திரிச்சுப் போய் அடுப்புகிட்ட உக்காந்துட்டாங்க. கேட்டா குளிர்னாங்க. குளிரெல்லாம் இல்ல, காமெடிதான் காரணம். படம் ஆரம்பிச்சதும் மலச்சரிவுல இருக்கற குடிசைங்கள நொறுக்கிகிட்டு கார் இறங்குதே, அப்புறம் குடையக் கொக்கியா மாட்டிகிட்டு டபுள் டெக்கர் பஸ்ல தொங்கறாரே, அப்ப ஒருத்தன் கூட அசையல. அது முடிஞ்சு கேக்க மூஞ்சில அப்பறது, காதலி கோவிச்சுக்கறது, கோர்ட்டுல டேப் போடறதுன்னு ஆரம்பிச்சதும் எல்லாரும் போன எடுத்துட்டாங்க. கடைசில ஷாப்பிங் மால் சண்டைக்கு நாந்தான் போய் ஒவ்வொருத்தரா கூட்டிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு யெஸ் மேடம், அதுவும் ஹாங்காங் போலீஸ் படம், அதுவும் 1985தான். நான் என்ன சொல்றேன்னா, லேப்டாப்ல போட்டு சண்டை வர்ற இடத்த மட்டும் வெட்டி ஒட்டி வெச்சிருக்கேன், அரை மணி நேரம் கூட வராது, அத போட்டுட்டு மிச்ச நேரம் பேசிட்டு நம்ம சேலத்து தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு வரலாம். என்ன சொல்றீங்க?

தறிச்சத்தம்:
வேண்டாம் தம்பி. தெருக்கூத்துல கோமாளியா வர்ற கட்டியங்காரன வெட்டிட்டு துரியோதனன மட்டும் விடிய விடிய ஆட விட்டா எப்புடியிருக்கும்னு யோசிச்சுப் பாரு. எங்க ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு கூத்து வெச்சா ஜனம் தூங்காம உக்காந்திருக்கறதே கட்டியங்காரனாலதான். அவன் அசிங்கமா பேசுவான், பாதி ஜோக்கு பாட்டன் காலத்துது, இருந்தாலும் அவன் வந்துட்டுப் போனப்புறம் வேஷக்காரன் கிரீடத்தோட வரும்போது ஒரு இது இருக்கும் பாரு, அது சும்மா வராது.

அஞ்சு ரோட்டான்:
அண்ணா கட்டியங்காரன் நம்ம பாஷைல பேசறான். யெஸ் மேடத்துல மூணு திருட்டுப் பசங்க வர்றாங்க, சப்டைட்டில்ல அவனுங்க பேரு ஆஸ்பிரின், ஸ்ட்ரெப்சில், பனடால். மாத்திர பேரு வெச்சு நமக்கு தலவலி கொடுக்கறானுங்க. போஸ்டர்ல மிஷெல் யோவும் சிந்தியா ராத்ராக்கும் நிக்கறாங்க, அவங்கதான் போலீஸ், ஆனா படம் பாதிக்கு மேல இந்த மாத்திர டப்பாவச் சுத்தியே போகுது. ஒரு மைக்ரோபிலிம் இவனுங்க கைல மாட்டிருச்சு, அத வெச்சு ஒளியறான் ஓடறான் கத்தறான். கடைசி பத்து நிமிஷம் ரெண்டு பொண்ணுங்களும் அந்த பங்களாவுல இறங்கி அடிக்கறாங்க பாருங்க, கண்ணாடிய ஒடச்சிகிட்டு, அதுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கணுமா?

மல்கோவா:
முடிவு இருக்கட்டும், ஒரு கேள்வி. போன வாரம் எந்திரிச்சுப் போன ஆறு பேர்ல நானும் ஒருத்தி. எனக்கு காமெடி புரியாம போகல, நல்லாவே புரிஞ்சுது, அதான் எந்திரிச்சேன். காதலியா வர்ற மேகி சாங் எவ்ளோ பெரிய நடிகை, அவங்களுக்கு அந்தப் படத்துல இருக்கற ஒரே வேல கோவிச்சுகிட்டுப் போறது, மறுபடி வர்றது, மறுபடி கோவிச்சுக்கறது. இத கட்டியங்காரன்னு சொல்லி மூடாதீங்க அண்ணா.

தறிச்சத்தம்:
அது ஞாயம்தான்மா. அத நான் தூக்கிப் பிடிக்கல.

பச்ச பெல்ட்:
கொஞ்சம் நான் உள்ள வரலாமா. நான் பசங்களுக்கு கராத்தே சொல்லித்தரவன், அஸ்தம்பட்டி பக்கம். எங்க கிளாஸ்ல டெமோ பண்ணும்போது எல்லாரும் அடிக்கறவனத்தான் பாப்பாங்க, நான் அடி வாங்கறவனத்தான் பாப்பேன். அடி வாங்கறவன் சரியா விழலைன்னா அடிக்கறவன் எவ்ளோ வேகமா வீசுனாலும் அது சண்டையாவே தெரியாது. ஹாங்காங்காரங்க இத நல்லா தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. ஒரு உதைய தூரத்துல இருந்து ஒரு ஷாட், கிட்ட ஒரு ஷாட், ரெண்டாவது ஷாட்ட கொஞ்சம் பின்னாடி இருந்து ஆரம்பிப்பாங்க, அதனால அடி ரெண்டு தடவ விழுந்த மாதிரி நம்ம கண்ணுக்கு கனமா தெரியும். கேமராவும் செகண்டுக்கு 24 பிரேம் ஓடறதுக்கு பதிலா சில ஷாட்ட 22 மாதிரி கொறச்சு ஓட்டுவாங்க, திருப்பிப் போடும்போது கை வேகமா வரும்.

இப்ப விஷயம் என்னன்னா ஜோக்குக்கும் இதே கணக்குதான். வாழப்பழத் தோல மிதிச்சு விழறவன் அரை செகண்டு முன்னாடி விழுந்தா சிரிப்பு போச்சு. ஜாக்கி சான், சாமோ ஹங், யுவன் பியாவ் மூணு பேரும் சின்ன வயசுல யூ ஜிம் யுவன்னு ஒரு வாத்தியாரோட பீக்கிங் ஆபராங்கற சீனக் கூத்துப் பள்ளிக்கூடத்துல ஒண்ணா அடி வாங்கி வளந்தவங்க, யெஸ் மேடம் எடுத்த கோரி யுவனும் அதே பள்ளிக்கூடம்தான். அங்க குட்டிக்கரணமும் சிலம்பம் மாதிரி கம்பு வீசறதும் பாட்டும் கோமாளி வேஷமும் ஒரே பாடம், தனித்தனி பீரியட் கிடையாது. அதனால நீங்க கத்திரி எடுத்து இது சண்டை இது காமெடின்னு வெட்டும்போது எங்க வெட்டறதுன்னே தெரியாம போயிரும் அஞ்சு ரோட்டான் அண்ணா. குடைல தொங்கறது சண்டையா காமெடியா?

அஞ்சு ரோட்டான்:
குடை சண்டை. சந்தேகமே இல்ல.

பச்ச பெல்ட்:
மாட்டுச் சாணிய மிதிச்சுட்டு மைக்கேல் ஜாக்சன் மாதிரி பின்னாடி வழுக்கிகிட்டே செருப்பத் தேய்ப்பாரே அது?

அஞ்சு ரோட்டான்:
சரி, அது காமெடி, ஆனா நல்லாருக்கும். அத வெட்ட மாட்டேன்.

பச்ச பெல்ட்:
அப்ப கோர்ட்டுல சாட்சி சொல்ல வேண்டிய அந்தம்மாவ காப்பாத்த போலீஸ் வேணும்னு நம்ப வெக்கறதுக்காக கூட வேல பாக்கறவனையே முகமூடி போட்டு கத்தியோட வீட்டுக்குள்ள அனுப்பி பொய்ச் சண்ட போடுவாரே, அது?

அஞ்சு ரோட்டான்:
யோவ்.

காப்பிக்களம்:
வீட்டுக்காரன் நான் இன்னும் பேசவேயில்ல. போன வாரம் நடந்தத யாரும் முழுசா சொல்லல, நான் சொல்றேன். நடுவுல ஸ்பீக்கர் செத்துப் போச்சு ஞாபகம் இருக்கா, பனி எறங்கி எங்கயோ ஒயர்ல ஈரம் பூந்துருச்சு, நான் டார்ச்ச வாயில கடிச்சுகிட்டு டேப் சுத்திகிட்டு இருந்தேன், சத்தம் இல்லாம படம் மட்டும் ஒரு பத்து நிமிஷம் ஓடுச்சு. அது எந்த இடம் தெரியுமா, ஜாக்கிய எங்கயோ பட்டிக்காட்டு ஸ்டேஷனுக்கு மாத்திருவாங்க, தனியா உக்காந்து நாலஞ்சு டெலிபோன ஒரே நேரத்துல சமாளிப்பாரு, ஒயரெல்லாம் கழுத்த சுத்திக்கும், அந்த இடம். எங்க அம்மாயிக்கு, அம்மாவோட அம்மா, எண்பது வயசு, அதுக்கு சப்டைட்டில் படிக்கத் தெரியாது, சைனா ஜப்பான் வித்தியாசமும் தெரியாது, சத்தமும் இல்ல. அது சிரிச்ச சிரிப்புல வெத்தல எச்சி என் சட்டைல. ப்ரொஜெக்டர் வெளிச்சத்துல பனி பூந்து பூந்து போகுது, அதுக்கு நடுவுல ஒருத்தன் ஒயர்ல சிக்கி திண்டாடறான். என்னால மறக்க முடியல.

அதுக்கப்புறம் சத்தம் வந்துச்சு. வசனம் வந்துச்சு. அம்மாயி தூங்கிருச்சு.

அஞ்சு ரோட்டான்:
பாத்தீங்களா, நான் சொன்னதத்தான் நீயும் சொல்ற. வாய்க் காமெடி வேஸ்ட்டு. வெட்டுவோம்.

தறிச்சத்தம்:
உனக்கு வெட்டறதே குறி. வசனம் ஏன் நிக்கலைன்னு யோசிச்சியா? அது அவங்க ஊர் கான்டனீஸ் பாஷைல வார்த்த விளையாட்டு, ஒரே சத்தத்துக்கு நாலு அர்த்தம் வர்ற பாஷ. கவுண்டமணி செந்திலப் பாத்து திட்டறத எடுத்துட்டுப் போய் ஹாங்காங்ல சப்டைட்டில் போட்டு ஓட்டு, அவன் சொல்லுவான் இந்த மொட்டத்தலைக்காரன் ஏன் கத்திகிட்டே இருக்கான், இத வெட்டுடான்னு. தமிழ் டப்பிங் பண்ணவங்க புத்திசாலிங்க, அந்த ஜோக்க மொழிபெயர்க்காம தூக்கிப் போட்டுட்டு நம்ம ஊர் நக்கல வெச்சாங்க. சின்ன வயசுல கேபிள்ல பாத்தப்ப நாங்க சிரிச்சது ஜாக்கிக்கு இல்ல, டப்பிங் பேசுன ஆளுக்கு.

அஞ்சு ரோட்டான்:
ஆனா அதுல வாயும் வசனமும் ஒட்டவே ஒட்டாதே அண்ணா, அதுக்கு ஒரிஜினலே பரவால்ல.

பச்ச பெல்ட்:
ஒரிஜினல்லயே ஒட்டாது. 80கள்ல ஹாங்காங் படமெல்லாம் பெரும்பாலும் சத்தம் பதியாமத்தான் எடுப்பாங்க, எடுத்து முடிச்சு அப்புறம் உக்காந்து குரல் குடுக்கறது. கான்டனீஸ்லயே பல தடவ ஜாக்கிக்கு வேற ஆள்தான் பேசிருக்காங்க. ஷூட்டிங்ல சத்தம் பத்தி கவலையே இல்ல, உடம்பு மட்டும் சரியா இருந்தா போதும். அம்மாயி பாத்த அந்தப் பத்து நிமிஷம்தான் ஒரிஜினல்னு கூட சொல்லலாம்.

மல்கோவா:
இது நல்லாருக்கு. ஆனா நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. பாஷ, டப்பிங், ஒயர் எல்லாம் சரி. 1985 சீனப் புத்தாண்டுக்கு வந்துச்சே மை லக்கி ஸ்டார்ஸ், சாமோ ஹங் எடுத்தது, ஆரம்பத்துலயும் கடைசிலயும் ஜப்பான்ல சண்டை, ரெண்டும் பிரமாதம். நடுவுல அஞ்சு ஆம்பளைங்க ஒரு லேடி போலீஸ் பின்னாடி ஜொள்ளு விட்டுகிட்டு அலையறதுதான் காமெடி. இதுக்கு சப்டைட்டிலே தேவையில்ல, சத்தம் இல்லாம போட்டாலும் அசிங்கமாத்தான் இருக்கும். அப்ப உங்க உடம்புக் காமெடி நல்லது வாய்க் காமெடி கெட்டதுங்கற கணக்கு இங்க ஒதைக்குதே.

தறிச்சத்தம்:
ஒதைக்குதுமா. ஒத்துக்கறேன். பண்டிகப் படம், நம்ம தீபாவளி ரிலீஸ் மாதிரி குடும்பமே வரும், எல்லாருக்கும் ஒண்ணு வெக்கணும்னு வெச்சாங்க, படமும் அங்க வசூல்ல சாதன பண்ணுச்சு. அதுக்காக சரின்னு சொல்லல. நம்ம படத்துலயும் அப்ப அதான் நடந்துச்சு, அதப் பாத்துட்டு நாங்களும் விசிலடிச்சிருக்கோம்.

மல்கோவா:
இதயே திருப்பிப் பாருங்க. போலீஸ் ஸ்டோரி மூணாவது பாகம், 1992, ஸ்டான்லி டாங் எடுத்தது. அதுல மிஷெல் யோ சீனா போலீஸா வர்றாங்க. ஜாக்கி ரகசிய வேலைக்குப் போறப்ப கிராமத்துல அவருக்கு பொய்யா ஒரு குடும்பம் செட் பண்ணி, இவங்க தங்கச்சின்னு நடிப்பாங்க, அந்த வீட்டு சீன் முழுக்க காமெடி, அதுல எந்தப் பொண்ணையும் கேலிப்பொருளா ஆக்கல, ஜாக்கிதான் முழிப்பாரு. கடைசில அவங்க பைக்க ஓட்டிகிட்டு ஓடற ரயில் மேல தாவுவாங்க. அந்தப் படத்துக்காகத்தான் பைக் ஓட்டவே கத்துகிட்டாங்களாம். மொதல்ல டான்ஸ் படிச்சவங்க, பாலே, கராத்தேக்காரி கிடையாது, ஆனா காலத் தூக்குனா யாருக்கும் சந்தேகம் வராது. அதே படத்துல மேகி சாங் பாத்திரம் மலேசியாவுல ஹோட்டல்ல வந்து பொறாமப்பட்டு குட்ட ஒடைக்கற சீனும் இருக்கு, அது பழைய மாவு. ஒரே படத்துல ரெண்டும் இருக்கும்போது எது நிக்குதுன்னு தெரியுதுல்ல?

பச்ச பெல்ட்:
அக்கா சொல்றது சரி. யாரு விழறாங்கங்கறதுதான். ஜாக்கி விழுந்தா சிரிப்பு, ஏன்னா அவரே எந்திரிப்பாரு. மால்ல அந்தக் கம்பியப் புடிச்சு வழுக்கி விளக்கெல்லாம் வெடிக்க வெடிக்க கீழ வந்து கண்ணாடி மேல விழுவாரே, நெசமாவே உள்ளங்கை வெந்து போய் முதுகுலயும் அடி. எத்தன கண்ணாடின்னா கூட வேல செஞ்சவங்களே படத்துக்கு கிளாஸ் ஸ்டோரின்னு பேரு வெச்சுட்டாங்க.

அஞ்சு ரோட்டான்:
அதத்தான் நானும் சொல்றேன் அந்த மாதிரி இடத்த மட்டும் போடலாம்னு!!

காப்பிக்களம்:
மாப்ள உன் வெட்டுன வீடியோவ நேத்து அனுப்புனியே, பாத்தேன். மூணாவது சண்டைக்கு மேல எனக்கு ஒண்ணும் ஏறல. யார யார் எதுக்கு அடிக்கறாங்கன்னு தெரியல, கண்ணாடி ஒடையுது, ஆள் பறக்கறான், கண்ணாடி ஒடையுது. ஏற்காட்டு ரோட்டு 20 கொண்டையூசி வளவையும் ஒரே மூச்சுல ஏறுன மாதிரி தல சுத்திருச்சு. நடுவுல ஒரு டீக்கட வேணும்டா.

தறிச்சத்தம்:
ஹா ஹா. அந்த டீக்கடைக்குப் பேரு ஆஸ்பிரின்.

அஞ்சு ரோட்டான்:
அண்ணா டீ நல்லாருந்தா நான் ஏன் வேண்டாங்கறேன். நம்ம சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோலயே 1970ல ஜெய்சங்கர வெச்சு சி.ஐ.டி. சங்கர் எடுத்தாங்க, துப்பாக்கி, துரத்தல், பாட்டு, காமெடி எல்லாம் இருக்கும், ஏற்காடு ரோட்டுல போகும்போது தெரியற அந்த ஸ்டுடியோ வாசல் வளைவு ஒண்ணுதான் இப்ப மிச்சம். அதுலயும் காமெடி வந்தா எங்கப்பா பீடி பத்த வெக்க வெளிய போயிருவாராம். நான் சொல்றது பரம்பரையா வர்றது.

மல்கோவா:
அப்ப பீடிக்கு ஒரு இடைவேள விட்டா ஆச்சு. என் பக்கம் கேட்டா, யெஸ் மேடம் முழுசா போடுங்க, அதுல மாத்திரப் பசங்க மொக்கதான், ஆனா ரெண்டு போலீஸ் பொண்ணுங்கள யாரும் கேலி பண்ணி ஜெயிக்க முடியாது, அது எனக்குப் போதும். லக்கி ஸ்டார்ஸ் போட்டா நான் வரல, என் தட்டுவடை செட்டும் வராது.

பச்ச பெல்ட்:
என் கிளாஸ் பசங்க ஆறு பேர கூட்டிட்டு வரேன். சின்னப் பசங்க அடுப்புகிட்ட போவாங்களா மாட்டாங்களான்னு எண்ணிப் பாக்கலாம்.

அஞ்சு ரோட்டான்:
சரி சரி, முழுசாவே போடுங்க. ஆனா பனடாலும் ஸ்ட்ரெப்சிலும் சேந்தாப்புல பத்து நிமிஷத்துக்கு மேல கத்துனா ஓட்டி விட்டுருவேன், ரிமோட் என் கைல இருக்கணும்.

காப்பிக்களம்:
ரிமோட் அம்மாயி கைல. அது சிரிச்சா ஓடும், தூங்குனா ஓட்டுவோம். ஸ்பீக்கர் ஒயர் புதுசு வாங்கியாச்சு, வேணும்னா புடுங்கியும் விடலாம். வரும்போது யாராவது செவ்வாய்ப்பேட்டைல இருந்து ரெண்டு கிலோ பொரி வாங்கிட்டு வாங்க, தட்டுவடை நான் பாத்துக்கறேன், ஸ்வெட்டர் மறந்துட்டு வந்து குளிர்னு சொல்ற ஆளுக்கு இந்தத் தடவ கம்பளி கிடையாது.