லினக்ஸ் பதிப்பு இருக்கும் கேமையும் புரோட்டானில் ஓட்டுவதா?

தறிக்காரன்

ஒரு கேமுக்கு லினக்ஸ் பதிப்பு இருந்தால் அதையே இறக்குங்கள், இல்லாவிட்டால் மட்டும் புரோட்டானுக்கு, அதாவது விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்ட ஸ்டீம் என்ற கேம் கடை தரும் கருவிக்குப் போங்கள் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த அறிவுரை இப்போது பலரைத் தவறான பக்கம் தள்ளுகிறது. ஸ்டீமில் இருக்கும் பழைய லினக்ஸ் போர்ட்களில் (லினக்ஸுக்கு மாற்றிய பதிப்புகளில்) பெரும்பாலானவற்றை விட, அதே கேமின் விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் ஒழுங்காக ஓடும்.

ஏனென்று பாருங்கள். புரோட்டானின் அடிப்படை வைன். அது இன்னொரு கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் எமுலேட்டர் இல்லை. கேமின் கட்டளைகளை பிராசஸர் நேரடியாகவே ஓட்டுகிறது. விண்டோஸிடம் கேம் கேட்கும் வேலைகளை லினக்ஸிடம் கேட்டு வாங்கித் தருவது மட்டுமே வைனின் பொறுப்பு. விண்டோஸின் கிராபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்3டியில் 8 முதல் 11 வரை டிஎக்ஸ்விகே, 12-க்கு விகேடி3டி-புரோட்டான். இரண்டும் அந்த அழைப்புகளை லினக்ஸில் இருக்கும் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்துக்கு மாற்றுகின்றன. 2014-இல் வந்த தி விட்சர் 2 போர்ட்டைப் போன்றவற்றில் நடந்ததும் மொழிபெயர்ப்புத்தானே? டைரக்ட்3டி அழைப்பை வல்கனுக்கு முந்தைய ஓபன்ஜிஎல்லாக மாற்றும் உறை ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அந்த உறையைத் திருத்துவது சில காலத்தில் நின்றுவிட்டது. டிஎக்ஸ்விகேயை இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்றுவது எளிது. ஸ்டீம் லைப்ரரியில் கேம் மேல் ரைட் கிளிக், புராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்கே இருக்கும் பெட்டியில் டிக் போட்டுப் பட்டியலில் புரோட்டானைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் ஃபைல்களை நீக்கிவிட்டு விண்டோஸ் ஃபைல்களை ஸ்டீம் இறக்கத் தொடங்கும். 60 ஜிபி கேம் என்றால் 60 ஜிபி வரை மறுபடி இறங்கலாம் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

ஊற்றுக்கண்

"எளிது" என்று சொல்லிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். டிக் போட்டதும் சேவ் காணாமல் போய்விட்டது என்று வரும் புலம்பல்களுக்குக் காரணமே இதுதான். சேவ் எங்கும் போகவில்லை. இரண்டு பதிப்பும் வெவ்வேறு இடத்தில் தேடுகின்றன.

வால்ஹெய்மை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் பதிப்பு உங்கள் ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள், யூனிட்டி3டி, அதற்குள் அயர்ன்கேட், அதற்குள் வால்ஹெய்ம் என்று வைக்கிறது. புரோட்டான் பதிப்போ ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரில் கம்பாட்டேட்டா, 892970 (ஸ்டீமில் இந்த கேமின் எண்), பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர், ஆப்டேட்டா, லோக்கல்லோ என்று போய் அங்கே தேடும். ஸ்டீம் கிளவுடுக்கு நகர்த்தாத உலகங்களையும் பாத்திரங்களையும் கையால்தான் நகலெடுக்க வேண்டும். முதலில் புரோட்டானில் ஒருமுறை திறந்து மூடுங்கள், அப்போதுதான் அந்த ஃபோல்டர்கள் உருவாகும். இன்னொன்று: கேம் திறக்கவில்லை என்றால் கம்பாட்டேட்டாவை அழித்துப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிளவுட் சேவ் இல்லாத கேமில் அப்படி அழித்தால் சேவும் சேர்ந்து அழியும்.

அடிப்படை வாதத்துக்கு வருகிறேன். மோசமான போர்ட்களைக் காட்டி லினக்ஸ் பதிப்பே வேண்டாம் என்கிறீர்கள். ஃபேக்டோரியோவைப் பாருங்கள். லினக்ஸில் அதற்கு நிற்காமல் சேவ் செய்யும் வசதி உண்டு. ஃபோர்க் மூலம் கேம் தன்னைப் போலவே இன்னொரு பிராசஸை உருவாக்கி, அது பின்னால் சேவை எழுத, விளையாட்டு தடைபடாமல் ஓடுகிறது. விண்டோஸில் அப்படி ஃபோர்க் கிடையாது, ஆகவே அந்தப் பதிப்பில் வசதியும் கிடையாது. புரோட்டானில் ஓட்டினால் அதை இழக்கிறீர்கள். கண்ட்ரோலையும் ஆல்டையும் அழுத்தியபடி செட்டிங்ஸைக் கிளிக் செய்தால் மறைந்திருக்கும் பகுதி தெரியும், அங்கே ஆன் செய்யலாம். பெரிய தொழிற்சாலை என்றால் ரேம் தாராளமாக வேண்டும். சேவ் நடக்கும்போது மாறும் நினைவகப் பக்கங்கள் எல்லாம் இரண்டாவது பிரதியாகும்.

தறிக்காரன்

சேவ் விஷயம் சரி, அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஃபேக்டோரியோவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது லினக்ஸைத் தொடர்ந்து சோதிக்கும் குழு எழுதியது. அப்படி எத்தனை குழுக்கள் இருக்கின்றன? ராக்கெட் லீக் விண்டோஸில் டைரக்ட்3டி 9-இலிருந்து 11-க்கு மாறியபோது, 2020 மார்ச்சில், லினக்ஸ் பதிப்பைக் கைவிட்டார்கள். லினக்ஸ் பதிப்பு என்பது நிறுவனத்துக்கு ஒவ்வொரு அப்டேட்டிலும் செலவு. விண்டோஸ் பதிப்பை எப்படியும் பராமரிப்பார்கள்.

லினக்ஸின் அடித்தளமும் அசைகிறது. 2022 ஆகஸ்டில், லினக்ஸ் நிரல்கள் பெரும்பாலும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2.36 பதிப்பு, அதில் பெயர்களைத் தேட உதவும் பழைய ஹாஷ் அட்டவணை இல்லாமல் தொகுக்கப்பட்டு வந்தபோது, ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் ஈஸி ஆன்டி-சீட் நின்றுபோனது. ஆர்ச் என்ற டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) அந்த அட்டவணையைத் திரும்பச் சேர்த்த பிறகுதான் அங்கே சரியானது. 2005-இல் தொகுத்த விண்டோஸ் கேம் ஃபைல் வைனில் இன்றும் திறக்கிறது. 64 பிட் விண்டோஸ் கைவிட்ட 16 பிட் நிரல்களைக்கூட வைன் ஓட்டும். லினக்ஸில் நம்பி நிற்கக்கூடிய, மாறாத நிரல் இடைமுகம் இன்று விண்டோஸின் வின்32 தான் என்று சொன்னால் அது மிகையில்லை.

ஊற்றுக்கண்

பழைய லைப்ரரி பிரச்சினைக்குத்தான் ஸ்டீம் லினக்ஸ் ரன்டைம் இருக்கிறது. நீங்கள் சொன்ன அதே பட்டியலில் புரோட்டானுக்குப் பக்கத்திலேயே "ஸ்டீம் லினக்ஸ் ரன்டைம் 1.0" என்று ஒன்று உண்டு, ஸ்கவுட் என்ற பெயரோடு. உபுண்டு 12.04 கால லைப்ரரிகளை ஒரு கன்டெய்னரில் (சிஸ்டத்திலிருந்து பிரித்த பெட்டியில்) வைத்துத் தருகிறது. லினக்ஸ் பதிப்பு திறக்கவில்லை என்றால் முதலில் இதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு 60 ஜிபி மறுபடி இறக்க வேண்டியதில்லை, சேவும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தறிக்காரன்

> பழைய லைப்ரரி பிரச்சினைக்குத்தான் ஸ்டீம் லினக்ஸ் ரன்டைம் இருக்கிறது

மற்ற லைப்ரரிகளுக்குச் சரி. ஜிலிப்சிக்குச் சரியில்லை. கிராபிக்ஸ் டிரைவர் உங்கள் டிஸ்ட்ரோவிலிருந்து வருகிறது. அதற்கு உங்கள் டிஸ்ட்ரோவின் ஜிலிப்சி வேண்டும். அதனால் கன்டெய்னரில் இருப்பதை விடப் புதிய ஜிலிப்சி வெளியே இருந்தால் ரன்டைம் அதையே உள்ளே எடுத்துக்கொள்கிறது. உடையும் இடம் அப்படியேதான் இருக்கிறது.

மூன்றாம்தெரு

இருவரும் பேசாத ஒன்று. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் (டூயல் பூட்) வைத்து, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் அமைப்பு கொண்ட டிரைவில் இருக்கும் ஸ்டீம் லைப்ரரியையே லினக்ஸிலும் சேர்த்துக்கொள்பவர்கள் ஏராளம். லினக்ஸ் பதிப்பு அந்த டிரைவிலிருந்து ஓடிவிடும். புரோட்டானுக்கு மாற்றினால் பிளே பொத்தான் ஒரு நொடி பச்சையாகி அடங்கிவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

கேமுக்கென புரோட்டான் உருவாக்கும் ஃபோல்டருக்குள் டாஸ்டிவைசஸ் என்று ஒன்று இருக்கும். அதில் "சி:", "இசட்:" என்ற பெயரில் சிம்பாலிக் லிங்க்குகள் (வேறு இடத்தைக் காட்டும் சுட்டிகள்) வேண்டும். பெயரில் முக்காற்புள்ளி விண்டோஸில் செல்லாது. லினக்ஸில் டிரைவை மவுண்ட் செய்யும்போது (இணைக்கும்போது) விண்டோஸ் பெயர்க் கட்டுப்பாடு ஆன் ஆகியிருந்தால் லிங்க் உருவாகாது, கேம் திறக்காது. ஆஃப் ஆகியிருந்தால் உருவாகும், ஆனால் பிறகு விண்டோஸில் டிரைவைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓட்டும்போது அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளும்.

வழி: ஹோம் இருக்கும், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் அமைப்பு கொண்ட பார்ட்டிஷனில் கம்பாட்டேட்டா என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். என்டிஎஃப்எஸ் லைப்ரரிக்குள் அந்தப் பெயரில் இருப்பதில் சேவ் இருந்தால் நகலெடுத்துவிட்டு நீக்கி, அதே இடத்தில் புதிய ஃபோல்டருக்கு சிம்பாலிக் லிங்க் போடுங்கள். மவுண்டில் உரிமையாளர் எண்ணாக உங்கள் பயனர் எண் இருக்க வேண்டும், பெரும்பாலும் 1000. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்காவிட்டால் ஷட்டவுன் செய்தாலும் டிரைவ் பாதி உறக்கத்தில் நிற்கும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். இவ்வளவும் செய்யலாம், செய்தாலும் அது ஒட்டுப்போட்ட ஏற்பாடுதான். கேம் டிரைவை ஈஎக்ஸ்டி4 ஆக்கிவிடுவதே நல்லது.

நிலாமுற்றம்

ரெண்டு பேருமே தனியா ஆடுற கேமை வச்சே பேசுறீங்க. ஆன்லைன்ல கணக்கு வேற. கேம்களை லினக்ஸுக்கு மாத்தித் தர்ற ஃபெரல் நிறுவனம் கொண்டுவந்த டோட்டல் வார்: வார்ஹாம்மர் 2 லினக்ஸ் பதிப்புல மேக், லினக்ஸ்காரங்களோட மட்டும்தான் சேர்ந்து ஆட முடியும். விண்டோஸ்ல இருக்கிற நண்பரோட ஆடணும்னா புரோட்டான் தவிர வழியில்ல. இந்த மாதிரி கேம்ல ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சண்டையைத் தனித்தனியா கணக்குப் போடும், வேற கம்பைலர்ல தசமக் கணக்கு ஒரு துளி மாறினாலும் ரெண்டு பேர் திரையிலயும் வேற வேற போர் நடக்கும். விண்டோஸ் ஃபைலையே ஓட்டினா அந்தத் தொல்லை இல்ல.

ஆனா தறிக்காரன் அண்ணா, விண்டோஸ் பதிப்பை எப்படியும் பராமரிப்பாங்கன்னு சொன்னீங்களே, அது ஆன்டி-சீட் விஷயத்துல பொய்யாகுது. ஈஸி ஆன்டி-சீட்டும் அதே வேலை செய்ற பேட்டில்ஐயும் 2021-லயே புரோட்டானுக்கு ஆதரவு கொடுத்தாச்சு. ஆனா கேம் நிறுவனம்தான் அதை ஆன் பண்ணணும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஆன் பண்ணி வச்சிருந்து, 2024 அக்டோபர் 31-ல லினக்ஸை மொத்தமா தடுத்துட்டாங்க. ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பர்ல பேட்டில்ஐ சேர்த்தப்போ லினக்ஸுக்கு ஆன் பண்ணல. வேலரன்ட்டோட ஆன்டி-சீட் விண்டோஸ் கெர்னலுக்குள்ளயே (சிஸ்டத்தோட மையத்துலயே) உட்காரும், வைனால ஒண்ணும் செய்ய முடியாது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு லினக்ஸ் பதிப்பு இருக்கு, ஆன்டி-சீட்டும் அதோடயே வருது. அதைப் போய் புரோட்டானுக்கு மாத்திடாதீங்க.

அனுமதி இருக்கிற கேமும் சில பேருக்குத் திறக்காது. ஸ்டீம் லைப்ரரில டூல்ஸ் பட்டியலை வடிகட்டிப் பாருங்க, புரோட்டான் ஈஸிஆன்டிசீட் ரன்டைம், புரோட்டான் பேட்டில்ஐ ரன்டைம்னு ரெண்டு இருக்கும். அது இறங்கியிருக்கான்னு முதல்ல பார்த்துக்கோங்க.

ஊற்றுக்கண்

நிலாமுற்றம் சொன்னது என் வாதத்தின் பாதி. மறுபாதி பழைய கம்ப்யூட்டர். டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம், புரோட்டான் 8 அதோடுதான் வந்தது. என்விடியா ஜிடிஎக்ஸ் 660, 760 போன்ற கெப்ளர் தலைமுறை கிராபிக்ஸ் கார்டுகளின் கடைசி டிரைவர் 470 வரிசை, அதில் வல்கன் 1.2 வரைதான். ஜிடிஎக்ஸ் 750 டிஐ தப்பிவிடும். பெயர் 700 வரிசையில் இருந்தாலும் உள்ளே அடுத்த தலைமுறையான மேக்ஸ்வெல். கெப்ளர் வைத்திருப்பவரிடம் "எல்லாவற்றையும் புரோட்டானில் ஓட்டு" என்றால், ஓபன்ஜிஎல்லில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் பதிப்பையும் கெடுத்துக்கொள்வார்.

தறிக்காரன்

கெப்ளர்காரர்கள் பட்டியலில் புரோட்டான் 7.0-வைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் டிஎக்ஸ்விகே 1.10 இருக்கிறது. ஆனால் அந்த வயது கார்டில் லினக்ஸ் பதிப்பையே முதலில் பார்ப்பதுதான் நல்லது, ஒத்துக்கொள்கிறேன்.

மோட் (கேமை மாற்ற ரசிகர்கள் எழுதும் சேர்க்கை) விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். மோட் எழுதுபவர்கள் விண்டோஸில் சோதிக்கிறார்கள். மோட்களுக்குக் கூடுதல் வசதி தரும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்டர்கள் எல்லாம் டிஎல்எல், அதாவது விண்டோஸ் நிரல் ஃபைல்கள். லினக்ஸ் பதிப்பில் ஏறவே ஏறாது. லினக்ஸ் ஃபைல் அமைப்பு பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்ப்பதால் மோட் ஃபோல்டரின் முதல் எழுத்து மாறினாலே லினக்ஸ் பதிப்புக்கு அது தெரியாமல் போகும். வைன் விண்டோஸைப் போல இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். மோட்களை ஏற்றும் பெப்இன்எக்ஸ் போன்றவற்றைப் புரோட்டானில் போடும்போது ஒரு தவறு எப்போதும் நடக்கிறது: வின்ஹெச்டிடிபி டிஎல்எல்லை கேம் ஃபோல்டரில் வைத்துவிட்டு அப்படியே ஓட்டுவார்கள். வைன் தன்னுடைய வின்ஹெச்டிடிபியை எடுத்துக்கொண்டு அதைக் கண்டுகொள்ளாது. அந்த கேமின் பிரிஃபிக்ஸில் (கம்பாட்டேட்டாவில் அதற்கான ஃபோல்டரில்) வைன்கான்ஃபிக்கைத் திறந்து, லைப்ரரீஸ் பக்கத்தில் வின்ஹெச்டிடிபியைச் சேர்த்து, "நேட்டிவ், பிறகு பில்ட்இன்" என்று வைக்க வேண்டும். புரோட்டான்டிரிக்ஸ் என்ற உதவிக் கருவி இருந்தால் அதிலிருந்தே திறக்கலாம்.

மூன்றாம்தெரு

மோட் அதிகம் போடுபவர்கள் இன்னொரு எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிராசஸ் எத்தனை நினைவகத் துண்டுகளை வைத்துக்கொள்ளலாம் என்ற கெர்னல் வரம்பு பழைய டிஸ்ட்ரோக்களில் 65530. கனமான கேம்கள் காரணம் சொல்லாமல் மூடிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். ஃபெடோரா 39, உபுண்டு 24.04 முதல் 1048576. அதற்கு முந்தையது என்றால் கெர்னல் எண்களை மாற்றும் சிஸ்கண்ட்ரோல் அமைப்பில் கையால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஊற்றுக்கண்

கடைசியாக ஒன்று. 2025 செப்டம்பரில் பால்டர்ஸ் கேட் 3-க்கு ஸ்டீம் டெக்குக்கான லினக்ஸ் பதிப்பு வந்தது. புரோட்டானில் ஏற்கெனவே ஓடிய கேம் அது. சிபியு சுமையும் நினைவகமும் குறையும் என்றுதான் கொண்டுவந்தார்கள். கையடக்கக் கருவியில் அந்த மிச்சம் பெரிது. லினக்ஸ் பதிப்பு வேண்டாம் என்று நாமே சொன்னால் அடுத்த நிறுவனம் இந்த வேலையை ஏன் செய்யும்?

தறிக்காரன்

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பராமரிப்பில்லாத போர்ட்டில் தொடங்காதே என்கிறேன். கேமின் ஸ்டீம் பக்கத்தில் கடைசி அப்டேட் எப்போது, அதில் லினக்ஸ் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பால்டர்ஸ் கேட் 3, ஃபேக்டோரியோ, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 மூன்றும் அந்தச் சோதனையில் தேறும். சிபியு சுமையைப் பொறுத்தவரை புரோட்டான் பக்கமும் நகர்கிறது. திரெட்களை (கேமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை) ஒத்திசைக்கும் வேலையை விண்டோஸ் முறையிலேயே கெர்னலுக்குள் செய்யும் என்டிசிங்க், கெர்னல் 6.14 முதல் இருக்கிறது. புரோட்டானில் கேமை வாங்கி ஆடினாலும் நிறுவனத்தின் கணக்கில் அது லினக்ஸ் விற்பனையாகவே பதிவாகும் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் 2018-லேயே சொல்லிவிட்டது.

ஊற்றுக்கண்

அந்தச் சோதனையை நீங்கள் முதல் பதிவிலேயே வைத்திருந்தால் பாதி வாதம் மிச்சமாகியிருக்கும். முதல் பதிவைத் திருத்தி, சேவ் நகலெடுக்கும் படியையும் ஸ்கவுட் ரன்டைமையும் டிக் போடும் படிக்கு மேலே சேருங்கள். கீழே சேர்த்தால் யாரும் அதுவரை படிக்க மாட்டார்கள்.

தறிக்காரன்

திருத்திவிட்டேன். என்டிஎஃப்எஸ் பற்றி மூன்றாம்தெரு எழுதியதையும் மேலே சேர்த்திருக்கிறேன்.