பெயரே குற்றமான மெக்ரெகர்கள்

ஸ்டர்லிங் வாசகர்:

எங்கள் அலுவலகத்தில் டிரம்மண்ட் என்ற குடும்பப் பெயருடைய மூத்தவர் ஒருவர் இருக்கிறார். "நாங்கள் பூர்வீகத்தில் மெக்ரெகர்கள், உயிருக்குப் பயந்து மாற்றிக்கொண்ட பெயர் இது" என்று தேநீர் வேளையில் சொன்னார். 'மெக்' என்றால் மகன். கிரெகோர் என்பது, விழிப்புள்ளவன் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரின் ஸ்காட்டிஷ் வடிவம். இதில் உயிருக்குப் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டேன். அன்று மதியம் முழுவதும் அந்தக் கதைதான்.

1603 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் கஹூன் குலத்தார் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் மெக்ரெகர் குலத்தார். ஏப்ரலிலேயே மன்னர் ஆறாம் ஜேம்ஸின் ஆலோசனை சபை அந்தப் பெயரைத் தடைசெய்தது. மீறினால் மரண தண்டனை. அவர்கள் நான்கு பேருக்கு மேல் கூடக்கூடாது, இறைச்சி அறுக்கும் முனையில்லாத கத்தியைத் தவிர வேறு ஆயுதம் கூடாது என்று பின்னர் ஆணைகள் பெருகின. கேம்பல், டிரம்மண்ட், முர்ரே, கிரஹாம் என்று ஆளுக்கொரு பெயரில் ஒதுங்கினார்கள். 1661இல் நீங்கிய தடை 1693இல் திரும்பி வந்தது, 1774இல்தான் ஒழிந்தது. கொலைக்குத் தண்டனை கொடுக்கட்டும். பிறக்காத பிள்ளையின் பெயரை எப்படிப் பறிக்கலாம்? இன்றும் எனக்கு ஆறவில்லை.

அந்த மூத்தவர் சொல்லித்தான் பல்விடர் கிராமத்துக்குப் போனேன். 1734இல் மறைந்த, மெக்ரெகர் குலத்தின் புகழ்பெற்ற வீரர் ராப் ராய் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். தடைக்காலத்தில் தாய்வழிப் பெயரான கேம்பல் என்பதைப் பயன்படுத்தியவர். கல்லறையிலோ, 'அவர்களை மீறியும் மெக்ரெகர்' என்று பொறித்திருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

கிளாஸ்கோ வாசகி:

என் பக்கத்து வீட்டுப் பாட்டி கஹூன் குலத்தவர். லோமண்ட் ஏரிக்கரையில் உள்ள லஸ் கிராமம்தான் அவருடைய சொந்த ஊர். "செத்தவர்கள் எங்கள் ஆட்கள், அதையும் எழுது" என்பார். நியாயம்தானே. ஆனால் மெக்ரெகர் தலைவர் அலஸ்டரின் முடிவைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். இங்கிலாந்து மண்ணில் பத்திரமாகக் கொண்டுபோய் விடுவதாக ஆர்கைல் பிரபு வாக்குக் கொடுத்தாராம். சொன்னபடியே எல்லையைத் தாண்டி அழைத்துப் போனார். போன வேகத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். 1604 ஜனவரியில் எடின்பரோவில் அலஸ்டரைத் தூக்கிலிட்டார்கள். அந்த ஆர்கைல் பிரபு கேம்பல் குலத் தலைவர். உயிர் பிழைக்க எத்தனையோ மெக்ரெகர்கள் சூட்டிக்கொண்டதும் அதே கேம்பல் பெயரைத்தான் என்று பாட்டி சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.