அரிக்கமேடு முதல் பரங்கிப்பேட்டை வரை: எந்தத் தொல்லியல் இடத்தை முதலில் காப்பது என்று கணிக்க முடியுமா?

கேள்வி (தொல்லியல் மாணவி, புதுச்சேரி):
வணக்கம். அரிக்கமேடு, காரைக்காடு, தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை, பரங்கிப்பேட்டை என நம் கரையோர இடங்களில் எவை கடலரிப்புக்கும் வெள்ளத்துக்கும் முதலில் இரையாகும் என்பதைக் கணிப்பு மாதிரி ஒன்றால் வரிசைப்படுத்த விரும்புகிறேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காக்க நம்மிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவோடு கடல்மட்ட உயர்வு மதிப்பீட்டை இணைத்தால் போதுமா?

பதில் (கடலோரப் புவியியல் ஆய்வாளர், புதுச்சேரி):
போதாது, அம்மா. 2100க்குள் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 0.28 முதல் 1.01 மீட்டர் வரை உயரக்கூடும் என்று காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை மதிப்பிடுகிறது. நீங்கள் சொல்லும் உயரத் தரவிலோ, தென்னந்தோப்பும் மரங்களும் நிறைந்த நிலத்தில் பிழையே சில மீட்டர் இருக்கும். அதன் மீது ஒரு மீட்டர் நீரை ஏற்றி வரையும் படத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் நேரில் அளந்துதான் தொடங்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, எந்த இடத்தை எது தாக்குகிறது என்பது. அரிக்கமேட்டை அரிப்பது கடல் அன்று, அரியாங்குப்பம் ஆறு. கடற்கரைக் கோட்டின் நகர்வை மட்டும் கணக்கிடும் மாதிரி அந்த மேட்டுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடும். கடற்கரையிலும் ஒரு சிக்கல் உண்டு. 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு, நகரத்துக் கடற்கரை அரிபட்டது. ஆகவே அதற்கு முந்தைய படங்களையும் பிந்தைய படங்களையும் ஒரே கோட்டில் இணைத்து எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது.

பதில் (அகழாய்வுப் பணியாளர், கடலூர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். கடலூர்ப் பக்கத்து நிலையையும் சேர்க்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அங்கே காற்றும் அலையும் அழித்தன. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டியபின், சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூருக்குள் புகுந்தது. ஆபத்து கிழக்கிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதால், அணை நீர்த் திறப்பும் மாதிரியில் ஓர் உள்ளீடாக வேண்டும்.

மண்ணுக்குள் நடப்பதையும் மறக்காதீர்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே தோண்டினார். நீர்மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஈரத்தில் தங்கியிருந்த மரமும் பிற உயிர்ப்பொருள்களும் சிதையும். உப்புநீர் ஏறிய செங்கல் உலரும்போது உள்ளே படியும் உப்பு அதை உதிர்க்கும். வெள்ளம் மேலே தெரியாமலேயே ஓர் இடம் அழியலாம்.

மத்தியதரைக்கடல் கரையின் 49 உலகப் பாரம்பரிய இடங்களை ஆராய்ந்த 2018 ஆய்வு, வெள்ளத்துக்கும் அரிப்புக்கும் தனித்தனிக் குறியீடு கொடுத்தது. 37 இடங்கள் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கும், 42 இடங்கள் அரிப்புக்கும் இப்போதே ஆட்படக்கூடியவை என்று தெரிந்தது. நீங்களும் இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாக்கிவிடாதீர்கள்; அரிப்புக்கு வேண்டிய தீர்வு வேறு, வெள்ளத்துக்கு வேண்டியது வேறு.

மாணவி:
மிக்க நன்றி, ஐயா. கணிப்பு சரிதானா என்பதை எப்படிச் சோதிப்பது?

பதில் (அகழாய்வுப் பணியாளர், கடலூர்):
உரிய துறையின் அனுமதி பெற்று, கரையிலிருந்து உள்ளே தள்ளி நிலையான அடையாளக் கற்களை நட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கரைவிளிம்பு வரையுள்ள தூரத்தை அளந்து, அதே கோணத்தில் படமும் எடுங்கள். ஸ்காட்லாந்தில் ஊர்த் தன்னார்வலர்கள் கரையோர இடங்களை நேரில் பார்த்துப் பதிவு செய்ததால், பழைய முன்னுரிமைப் பட்டியலையே திருத்த முடிந்தது. வெள்ளம் வடிந்தபின் எங்கே உறைகிணறு வெளிப்பட்டது, எங்கே ஓடு சிதறியது என்று சொல்லக்கூடிய மீனவர்களையும் இதில் சேருங்கள். பதிவேட்டில் இல்லாத இடங்களை எந்த மாதிரியாலும் காக்க முடியாது.