110 மில்லிமீட்டர் நீட்டிய பிறகும் அது ஓட்டுகிறவர் காரா?

நேர்ஆறு | இரவு 9.14

“எந்த சொகுசு கார் வாங்கலாம்” இழையில் நம் பின்சீட்டு ராஜா நேற்று ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். அங்கேயே பதில் எழுதினால் மட்டுறுத்துனர் கத்தரியோடு வந்துவிடுவார், அதனால் தனி இழை. அவர் எழுதியது இதுதான்: “பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கிரான் லிமோசின்தான் இன்றைக்கு இந்தியாவில் கிடைக்கும் சிறந்த டிரைவர்ஸ் கார். வீல்பேஸ் 110 மில்லிமீட்டர் கூடியதால் எதுவும் குறைந்துவிடவில்லை.” (வீல்பேஸ் என்றால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரம். டிரைவர்ஸ் கார் என்றால் ஓட்டுகிறவரின் ஆனந்தத்துக்காகச் செய்த கார்.)

பெயரிலேயே லிமோசின் என்று இருக்கிற வண்டியை டிரைவர்ஸ் கார் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அந்த 110 மில்லிமீட்டர் எங்கே போயிருக்கிறது? ஸ்டீயரிங்குக்குப் போகவில்லை, சஸ்பென்ஷனுக்குப் போகவில்லை. பின்னால் கால்மேல் கால் போட்டு உட்காருகிறவரின் முழங்காலுக்குப் போயிருக்கிறது.

சாதாரண 3 சீரிஸின் வீல்பேஸ் 2,851 மில்லிமீட்டர். ராஜாவின் வண்டியில் 2,961. 1994இல் வந்த இ38 (ஒவ்வொரு தலைமுறை வண்டிக்கும் பிஎம்டபிள்யூ வைக்கும் குறியீடு) 7 சீரிஸில் 2,930தான். முதலாளிகள் பின்னால் உட்கார்ந்து போன அன்றைய 7ஐவிட இன்றைய 3இன் வீல்பேஸ் நீளம்! எண்பதுகளில் வந்த இ30 3 சீரிஸுக்கு வெறும் 2,570. ஐம்பது வருடங்களுக்கு மேலாக ‘ஓட்டுவதில் ஆனந்தம்’ என்று ஜெர்மனில் விளம்பரம் செய்த கம்பெனி இப்போது உட்காருவதில் ஆனந்தம் என்று மாற்றிக்கொள்ளலாம்.

பின்சீட்டு ராஜா | இரவு 9.31

பேராசிரியர் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். கணக்கு எனக்கும் வரும். 110ஐ 2,851ஆல் வகுத்தால் 4 சதவீதம்கூடத் தேறவில்லை. இதற்கா தனி இழை?

258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 6.2 விநாடி. உங்கள் 2008 மாடல் 325ஐ (325i, பழைய 3 சீரிஸ்) அதற்குப் பக்கத்தில் வரட்டும், பிறகு ஆனந்தம் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று. 2022இலிருந்து 2025 வரை இருந்த விதிப்படி எஃப்1 பந்தயக் காரின் வீல்பேஸ் 3,600 மில்லிமீட்டர் வரை போகலாம். அதுவும் லிமோசினா? ஹாமில்டன் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டா ஓட்டுகிறார்?

நேர்ஆறு | இரவு 9.40

எஃப்1 உதாரணம் வரும் என்று தெரியும், இவ்வளவு சீக்கிரம் வரும் என்று தெரியாது. மொனாக்கோவில் இருக்கும் அந்த ஒற்றைக் கொண்டை ஊசி வளைவுக்காக அணிகள் ஸ்டீயரிங் கூடுதலாகத் திரும்பும்படி முன்பக்கத்தை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். ஏன்? நீளம்! அங்கே இருப்பது ஒன்று. கொல்லிமலையில் எழுபது.

உங்களுக்கு அந்த மலை புரியாது, உங்கள் டிரைவரைக் கேளுங்கள். காலை ஆறரைக்கு மழை நின்ற பிறகு ஏறினால், வளைவின் உள்பக்கம் பொடிக்கல் அடித்துக்கொண்டு வந்து கிடக்கும். என் 325ஐயில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங். முன் டயர் அந்தக் கல்லில் ஏறின அந்த நொடியே உள்ளங்கையில் ஸ்டீயரிங்கின் கனம் ஒரு மாதிரி குறையும். கண் பார்ப்பதற்கு முன் கை பார்த்துவிடும். 2012இல் எஃப்30 3 சீரிஸ் வந்தபோது எலக்ட்ரிக் ஸ்டீயரிங் போட்டார்கள், அந்தப் பேச்சு அன்றோடு நின்றது. அதற்கு மேல் 110 மில்லிமீட்டர் வேறு. கையையும் கட்டிவிட்டு காலையும் நீட்டிவிட்டார்கள்.

பின்சீட்டு ராஜா | இரவு 9.44

ஒரு நிமிடம். இழை வீல்பேஸைப் பற்றியா, ஸ்டீயரிங்கைப் பற்றியா? எது கிடைக்கிறதோ அதை எடுத்து எறியாதீர்கள்.

எங்கள் வீட்டில் டிரைவர்தான் ஓட்டுகிறார். ஆக அது டிரைவர்ஸ் கார்தான். தமிழில் சரியாகத்தானே இருக்கிறது?

நேர்ஆறு | இரவு 9.46

ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததற்கு நன்றி. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

டீசல் பாண்டி | இரவு 9.58

நேர்ஆறு அண்ணன் கொல்லிமலைக் கதை சொல்லும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். போன பொங்கலுக்கு நானும் அதே மலையில்தான் இருந்தேன். காரவள்ளியிலிருந்து பதினெட்டாவது வளைவு வரை எனக்குப் பின்னால்தான் வந்தார். உள்ளங்கை என்ன சொன்னதோ தெரியவில்லை, பிரேக்கிலிருந்து வந்த புகை எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. என் வண்டி பழைய டீசல் ஆக்டேவியா. முன்சக்கர இயக்கம். சொகுசும் கிடையாது, சரித்திரமும் கிடையாது.

நேர்ஆறு | இரவு 10.03

பாண்டி, உனக்கு வழி விட்டேன். வழி விடுவதற்கும் தோற்பதற்கும் வித்தியாசம் தெரியாதவனோடு நான் பேசுவதில்லை. புகை வந்தது முன்னால் போன பஸ்ஸிலிருந்து.

டீசல் பாண்டி | இரவு 10.05

காலை ஆறரைக்கு எந்த பஸ்? நேரம் சொல்லுங்கள், தேடித் தருகிறேன்.

அப்புறம் சேந்தமங்கலத்தில் சாப்பிட்ட டிபனுக்கு உங்கள் பங்கு இன்னும் வரவில்லை.

சிங்கப்பெருமாள் | இரவு 10.21

கொஞ்சம் விவரத்தோடு பேசலாமா? இந்த நீள 3 சீரிஸ் எங்கள் ஊர் பக்கம் செய்வதுதான். 2007இலிருந்து சென்னையை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை ஓடுகிறது. எஞ்சினை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் இங்கேயே கோத்துக் கொடுக்கிறார்கள். அண்ணன் உயிரை வைத்திருக்கும் அந்த 325ஐயும் அதே வாசல் வழியாக வந்ததுதான்.

அதே ஆலையில்தான் 2021 மார்ச்சிலிருந்து எம்340ஐயும் (M340i, வேகக் கார்களுக்கான எம் பிரிவின் பெயர் சேர்ந்த 3 சீரிஸ்) வருகிறது. மூன்று லிட்டர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், நூறுக்கு 4.4 விநாடி. வீல்பேஸ் அதே பழைய 2,851. ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டவில்லை. உங்கள் பெயரே நேர்ஆறு. அந்த வண்டியைப் பற்றி மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை?

நேர்ஆறு | இரவு 10.29

எம்340ஐ நாலு சக்கர இயக்கம். மேனுவல் கியரும் கிடையாது. பேச்சு அதைப் பற்றியும் இல்லை, பேச்சு 110 மில்லிமீட்டர் பற்றி. எம் சேராத சாதாரண 3 வேண்டுமென்று இன்றைக்கு ஷோரூமில் கேட்டுப் பாருங்கள், நீளமானதைத்தான் காட்டுவார்கள். 2024இல் வந்த 5 சீரிஸ் இன்னும் மோசம், இங்கே வருவதே நீள வடிவம் மட்டும்தான், 3,105 மில்லிமீட்டர். இ39 5 சீரிஸ் 2,830. அடுத்தது என்ன, பின்னால் ஒரு கட்டிலா?

ஸ்டுட்கார்ட் சித்தப்பா | இரவு 10.47

இங்கிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன், சிரிப்பு தாங்கவில்லை. நீங்கள் 110 மில்லிமீட்டருக்கு அழுகிறீர்கள். எங்களுக்கு எஞ்சினில் பாதியையே காணோம். பென்ஸ் சி63 ஏஎம்ஜி என்றால் ஒரு காலத்தில் 6.2 லிட்டர் வி8. காலையில் ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டுக் கிழவி ஜன்னலைச் சாத்துவாள். புது சி63இல் இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர், கூட ஒரு மின்மோட்டார். 680 குதிரைத்திறன் என்று விவரத் தாளில் எழுதியிருக்கிறது. கிழவி இப்போது ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறாள்.

நேர்ஆறு | இரவு 10.52

சித்தப்பா, பென்ஸ் எப்போது ஓட்டுகிறவர் கார் ஆனது? அது கல்யாண மாப்பிள்ளை வண்டி. இந்த இழைக்கு வர உங்களுக்கு விசா கிடையாது.

ஸ்டுட்கார்ட் சித்தப்பா | இரவு 10.55

எம்5இல் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக விட்ட கம்பெனிக்காரர்கள் எனக்கு விசா கேட்கிறார்கள். எஃப்10 எம்5 நினைவிருக்கிறதா? மறந்திருந்தால் ரேடியோவைப் போடுங்கள்.

நேர்ஆறு | இரவு 11.01

அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஒப்புக்கொண்டே எதிர்ப்பது ஒரு கலை. இ39 எம்5 1,800 கிலோவுக்கு உள்ளே. 2024 எம்5 2,400 கிலோவுக்கு மேல். 727 குதிரைத்திறனில் பாதி தன்னைத்தானே சுமக்கப் போய்விடும். ஆனால் தயவுசெய்து திசைதிருப்பாதீர்கள். 110.

வால்பாறை வேணி | இரவு 11.18

நேர்ஆறு அண்ணா, முதலில் உங்களுக்குச் சாதகமாக ஒன்று சொல்கிறேன், சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். போன வருடம் ஒரு சொகுசு கார் ஷோரூமுக்குப் போனேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். “டெஸ்ட் டிரைவ் பார்க்கணும்” என்று சாவிக்குக் கையை நீட்டினேன். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே போய் பின்கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்ததும் பின் ஏசி, ஜன்னல் திரை, கைவைக்கிற இடத்தில் கப் வைக்கும் பள்ளம், எல்லாம் காட்டினார். பத்து நிமிடம். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. “ஓட்டப் போவது நான்” என்றதும், “சார் வரலையா மேடம்?” என்றார்.

இப்போது உங்களுக்கு எதிராக. நீங்கள் 110, 110 என்று ஜபம் செய்கிறீர்கள். அந்தத் தம்பி என்னைப் பின்னால் உட்காரவைத்தது வீல்பேஸைப் பார்த்து இல்லை. அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு யாருக்கு ஓட்டுவதில் ஆனந்தம்? பின்னால் உட்கார ஆள் இருக்கிறார்கள், காசு அவர்களிடம் இருக்கிறது, கம்பெனி அவர்கள் காலை அளந்து வண்டி செய்கிறது. ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் உங்களை மாதிரி பழைய வண்டியைத்தானே வாங்குகிறீர்கள்? புதிதாக வாங்காதவருக்காக எவன் வண்டி செய்வான்?

பின்சீட்டு ராஜா | இரவு 11.24

வேணி மேடம் சொன்னது நூற்றுக்கு நூறு. இதற்குக் கொசுறாக ஒன்று. 2010இல் பிஎம்டபிள்யூ தலைவர் ரைட்ஹோஃபரே சொன்னார், 1 சீரிஸ் வைத்திருப்பவர்களில் 80 சதவீதம் பேர் தங்கள் வண்டி முன்சக்கர இயக்கம் என்று நினைக்கிறார்களாம். இயங்கியது பின்சக்கரம். வாங்கினவருக்கே எந்தச் சக்கரம் சுற்றுகிறது என்று தெரியவில்லை. உங்கள் உள்ளங்கை மட்டும் பொடிக்கல்லோடு பேசுகிறது.

வால்பாறை வேணி | இரவு 11.26

சார், உங்களுக்காக நான் பேசவில்லை. உங்கள் டிரைவருக்காகப் பேசினேன்.

நேர்ஆறு | இரவு 11.39

அந்த 80 சதவீதக் கதையால்தான் எல்லாம் நாசமானது. 2014இல் 2 சீரிஸ் ஆக்டிவ் டூரர், பிஎம்டபிள்யூ பெயரில் முதல் முன்சக்கர இயக்கம். 2019இல் 1 சீரிஸும் போனது. தெரியாதவனுக்கு எதற்கு நல்லது என்று முடிவு செய்துவிட்டார்கள். ருசி தெரியாதவன் நாலு பேர் வந்தான் என்று டிகிரி காபியில் தண்ணீர் ஊற்றின கடை மாதிரி.

சாபம் மாதிரி இன்னொன்றும் நடந்தது. எம் பிரிவின் பொறியியலைக் கவனித்த ஆல்பர்ட் பீர்மான் 2015இல் ஹூண்டாய்க்குப் போய்விட்டார். இங்கே ஓட்டத் தெரிந்தவர் அங்கே போனார், இங்கே 110 மில்லிமீட்டர் வந்தது.

வால்பாறை வேணி | இரவு 11.45

அந்த ஹூண்டாய்தான் அயானிக் 5 என் (N) என்ற மின்சாரக் காரில் இல்லாத கியரை மாற்றுவதுபோல் ஒரு உலுக்கு உலுக்கி, இல்லாத எஞ்சின் சத்தமும் போடுகிறது. அதை ஓட்டுகிறவர்கள் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். எடையோ 2,200 கிலோ. உங்கள் கணக்குப்படி அவர்கள் சிரிக்கக்கூடாது. அப்புறம் எம்2 இன்னும் பின்சக்கர இயக்கத்தில், மேனுவல் கியரோடு இங்கேயே கிடைக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நேர்ஆறு | இரவு 11.48

எம்2 1.7 டன். முதல் எம்3 1,200 கிலோ. அடுத்த கேள்வி.

சிங்கப்பெருமாள் | இரவு 11.50

அடுத்த கேள்வியா? எம்340ஐ கேட்டால் கியர், எம்2 கேட்டால் எடை, எடை கேட்டால் 110. கோல்போஸ்டுக்கு வீல் மாட்டி வைத்திருக்கிறீர்கள். அதன் வீல்பேஸ் எவ்வளவு?

டீசல் பாண்டி | இரவு 11.52

2,961.

மட்டுறுத்துனர் | நள்ளிரவு 12.04

பிரேக் புகை, டிபன் கணக்கு, கிழவி ஜன்னல் எல்லாவற்றையும் தனிமடலில் வைத்துக்கொள்ளுங்கள். இழைக்குச் சம்பந்தமில்லாத பதிவுகள் காலையில் நீக்கப்படும்.

நேர்ஆறு | நள்ளிரவு 12.06

முதலில் ராஜாவின் எஃப்1 பதிவை நீக்குங்கள். பாண்டிக்கு: பில் 640 ரூபாய், நாலு பேர், என் பங்கு 160. அன்றைக்கே கொடுத்தேன். சில்லறை இல்லை என்று 200ஆக வாங்கிக்கொண்டாய். மீதி 40 எங்கே?

புதுவரவு | காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தத் தளத்துக்குப் புதுசு. நீள 3 சீரிஸான 330எல்ஐ வாங்கலாமா, எம்340ஐ வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வாரம் முழுக்க நானேதான் ஓட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மா பின்னால். எங்கள் அப்பார்ட்மென்டில் கார் நிறுத்தும் இடம் சுவரிலிருந்து தூண் வரை 15 அடி 9 அங்குலம். எது நிற்கும்?

நேர்ஆறு | காலை 7.12

தம்பி, 15 அடி 9 அங்குலம் என்றால் 4.80 மீட்டர். எம்340ஐ 4.71. நீட்டின வண்டி 4.82. ராஜா, எழுந்துவிட்டீர்களா? எதுவும் குறையவில்லை என்றீர்களே, இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது.

பின்சீட்டு ராஜா | காலை 7.30

தூணை இடிக்கச் சொல்லுங்கள். என்னிடம் ஆள் இருக்கிறது.