சமூக மன்றத்தில் மகிழ்ச்சி வகுப்பு: பணம் போடலாமா, கூடாதா?

தெம்பனிஸ் வாசகி:
எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஆறு வாரப் பயிற்சி ஒன்று நடத்தலாம் என்று பேச்சு. முதல் வாரம், அன்பு, ஆர்வம், அடக்கம் போன்ற 24 குணவலிமைகளுக்கான கேள்வித்தாள். பிறகு தினமும் இரவில் மூன்று நல்ல விஷயங்களை எழுத வேண்டும். வரப்போகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் 30, 40 வயதுக்காரர்கள். குழுவில் பாதிப் பேருக்கு ஆர்வம். மீதிப் பேர் இது வியாபாரம் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலமலை:
வியாபாரம் என்கிறவர்கள் கட்சிதான் நான். இந்த வகுப்புகள் எல்லாவற்றுக்கும் வேர் 'நேர்மறை உளவியல்' என்ற துறையில் உளவியலாளர் செலிக்மனும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு. இணையம் வழியாக 577 பேரை ஆறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஆறு மாதக் கண்காணிப்பு முடியும்வரை நின்றவர்கள் 411 பேர். 'மூன்று நல்ல விஷயங்கள்' எழுதியவர்களின் மகிழ்ச்சி ஆறு மாதம் வரை கூடுதலாக இருந்தது என்றார்கள். 2012இல் மோங்ரெய்னும் அன்செல்மோ-மாத்யூஸும் அதையே திரும்பச் செய்தபோது ஒரு குழுவைப் புதிதாகச் சேர்த்தார்கள்: இளவயதின் இனிய நினைவுகளை மட்டும் எழுதுகிறவர்கள். பயிற்சி செய்தவர்களால் அந்தக் குழுவைத் தாண்ட முடியவில்லை. பிறகு எதற்கு ஆறு வாரம், பயிற்றுநர், கட்டணம்? போதாததற்கு, கெட்ட உணர்வைப்போல் 2.9013 மடங்கு நல்ல உணர்வு இருந்தால் வாழ்க்கை செழிக்கும் என்று ஒரு மந்திர விகிதத்தை வேறு இந்தத் துறை சொன்னது. 2013இல் பிரவுன், சோக்கல், ஃப்ரீட்மன் மூவரும் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டார்கள்.

செம்பவாங் சேரன்:
நீலமலை சார், அந்த விகிதத்துக்கும் இந்தப் பயிற்சிக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்று சரிந்தால் துறையே சரிந்தது என்பது நியாயமா? 2012 ஆய்வையும் முழுதாகச் சொல்லுங்கள். பயிற்சி செய்தவர்களுக்கும் மகிழ்ச்சி கூடத்தான் செய்தது. இனிய நினைவு எழுதியவர்களுக்கும் கூடியது. தன்னைப் பற்றிய நல்லதை மனத்தில் கொண்டுவருவதுதான் வேலை செய்கிறது என்றே அதைப் படிக்க வேண்டும்.

வகுப்புகளில் எங்கே கெட்டுப்போகிறது என்பதைச் சொல்கிறேன். மூலப் பயிற்சியில் இரண்டு பாகம்: நன்றாக நடந்தது என்ன, அது ஏன் நடந்தது. நம் ஆட்கள் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். "பேருந்து சீக்கிரம் வந்தது, சாப்பாடு நன்றாக இருந்தது, மழை இல்லை" என்று எழுதினால் நாலாம் நாளே சலித்துப்போகும். இப்படி எழுத வைக்க வேண்டும்: "மதியம் சக ஊழியர் எனக்காகக் காத்திருந்து சாப்பிட வந்தார். ஏன்? போன வாரம் அவருடைய ஷிப்டை நான் மாற்றிக்கொண்டேன், அது அவர் மனத்தில் இருக்கிறது." 'ஏன்' வந்ததும் எழுதுகிறவரும் மற்றவர்களும் செய்த காரியங்கள் கண்ணில் படும். பத்து நிமிடம் போதும். ஆனால் எழுதி வைக்க வேண்டும்; மனத்துக்குள் எண்ணிக்கொள்வது கணக்கில் வராது.

நீலமலை:
நன்றாக எழுதுகிறீர்கள் சேரன், ஆனால் அளவைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறீர்களே. 2009இல் 51 பயிற்சிகளைத் தொகுத்துப் பயிற்சிக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு அளவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.29 என்றார்கள். 2019இல் வைட், உட்டல், ஹோல்டர் மறுபடி கணக்கிட்டார்கள். சிறிய ஆய்வுகள் பலனை ஊதிக் காட்டுவதைச் சரிசெய்தபோது அது ஏறக்குறைய 0.10க்கு இறங்கியது. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள்: மகிழ்ச்சியின் ஏற்ற இறக்கத்தில் 8 விழுக்காட்டை விளக்குவதாகச் சொன்னது 1 விழுக்காடாகிவிட்டது.

செம்பவாங் சேரன்:
சிறியதுதான், மறுக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பத்து நிமிடமும் செலவாகிற காரியத்துக்கு அது மோசமில்லை என்பேன். கட்டணம் 200 வெள்ளி என்றால் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

புக்கிட் பாத்தோக் மதி:
நீங்கள் இருவரும் கேள்வித்தாளைத் தொடவே இல்லையே. உண்மையான வில்லங்கம் அங்கேதான்.

அலுவலகங்களில் காசு கொடுத்துச் செய்யும் கிளிஃப்டன் சோதனையில் 34 தலைப்புகள். அது வேலைத்திறன் பற்றியது. பீட்டர்சனும் செலிக்மனும் 2004இல் வகுத்த 24 குணவலிமைகள் வேறு; அந்தக் கேள்வித்தாள் இணையத்தில் இலவசம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

முடிவு 1 முதல் 24 வரை வரிசையாக வரும். அது ஒருவருக்குள்ளேயே செய்த வரிசை. 24ஆவது இடத்தில் 'அடக்கம்' வந்தால் அவர் ஆணவக்காரர் என்று பொருளில்லை. மூன்றாவதற்கும் ஒன்பதாவதற்கும் மதிப்பெண் வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கலாம். ஆகவே கணவன் மனைவி தாளை மாற்றிப் பார்த்து ஒப்பிடும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். (அடக்கத்தைச் சொன்னதால் ஒரு வார்த்தை: வாழ்க்கைத் திருப்தியோடு நெருங்கிப் போவதாகத் தெரிந்தவை நம்பிக்கை, உற்சாகம், நன்றியுணர்வு, அன்பு, ஆர்வம் ஆகியவை. நம் வீடுகளில் முதல் மதிப்பெண் வாங்கும் அடக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இது வெறும் தொடர்பு. காரணம் எது, விளைவு எது என்று அது சொல்லாது.)

முக்கியமானது இதுதான். அதே 2005 ஆய்வில் பலத்தைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திய குழுவுக்குப் பலன் நிலைக்கவில்லை. மேலே வந்த ஐந்தில் ஒன்றை எடுத்து, ஒரு வாரம் தினமும் புதுவிதமாகப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் நிலைத்தது. முதல் வாரம் சோதனை, அதோடு சரி என்றால் அந்த வாரம் வீண்.

நீலமலை:
மதி சொல்வது சரி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு முதலில் வேண்டியது தூக்கம். நோட்டுப் புத்தகம் பிறகு. மனச்சோர்வில் இருப்பவர் நல்லதைத் தேடி உட்கார்ந்து ஒன்றும் கிடைக்காமல் போனால், "இதுகூட என்னால் முடியவில்லை" என்று ஒரு படி கீழே போவார். 2009இல் வுட் குழு காட்டியது இதற்குப் பக்கத்தில் வரும்: தன்மதிப்புக் குறைந்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை மோசமானது. முதல் நாளே 1771 மனநல உதவி எண்ணைப் பலகையில் எழுதிப் போடுங்கள். பயிற்றுநர் மருத்துவர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஈசூன் காற்று:
இவ்வளவு எதற்கு? உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2024இல் தென்கிழக்கு ஆசியாவிலேயே சிங்கப்பூர்தான் முதலிடம்!

புக்கிட் பாத்தோக் மதி:
அந்த வரிசை ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது: 0 முதல் 10 வரையுள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில்? நேற்று எவ்வளவு சிரித்தீர்கள் என்பது அதில் இல்லை. வீடு, வேலை, பாதுகாப்பு எல்லாம் சேர்ந்த மதிப்பீடு அது.

தெம்பனிஸ் வாசகி:
சரி, தினமும் எழுதச் சொல்வதா, வாரம் ஒரு முறையா?

செம்பவாங் சேரன்:
அக்கா, முதல் வாரம் மட்டும் தினமும், பழக்கம் பிடிக்க. பிறகு வாரம் ஒரு நாள். உளவியலாளர் லுபோமிர்ஸ்கியின் ஆறு வார ஆய்வில், நன்றி பாராட்டத் தக்கவற்றை வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது. மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. கடமையாகிவிட்டால் வேலை செய்யாது.

நீலமலை:
நடத்துவது என்று முடிவானால் அளந்து நடத்துங்கள். உளவியலாளர் டீனரின் வாழ்க்கைத் திருப்தி அளவுகோலில் ஐந்தே வாக்கியங்கள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7, மொத்தம் 5 முதல் 35. பெயர் கொடுத்தவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். பாதிப் பேர் இப்போதே தொடங்கட்டும், மீதிப் பேர் ஆறு வாரம் கழித்து. தொடக்கத்திலும் ஆறாம் வாரத்திலும் இரு பாதியிடமும் தாளை வாங்குங்கள். காத்திருந்தவர்களுக்கும் அதே அளவு ஏறியிருந்தால் வகுப்பை மூடிவிடலாம். தாளை எப்போதும் சாப்பாட்டுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிரியாணிக்குப் பிறகு போடும் மதிப்பெண்ணை நான் நம்ப மாட்டேன்.